சொந்த சர்வரில் ஓடும் அசிஸ்டன்ட்: மெசேஜ் ஆப் இணைப்பு அறுந்தால் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சொந்த சர்வரில் ஏஐ அசிஸ்டன்ட் ஒன்றை நிறுவி, அதை டெலிகிராம், வாட்ஸ்அப், டிஸ்கார்ட், ஸ்லாக், சிக்னல் என்று ஏதாவது ஒன்றோடு கோத்து வைத்திருப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்கள் இவை. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே போட்டிருக்கிறேன். நீங்கள் பயன்படுத்தும் மென்பொருளில் பெயர்கள் வேறாக இருக்கலாம். உள்ளே நடக்கிற சங்கதி ஒன்றுதான். "கனெக்ஷன் போயிடுச்சு" என்று வருகிறவர்களில் பலருக்குக் கனெக்ஷன் நன்றாகத்தான் இருக்கிறது. அதனால் க்யூஆர் ஸ்கேன் செய்வதற்கும் டோக்கனை (பாட்டின் ரகசியச் சாவியை) மாற்றுவதற்கும் முன்னால் முதல் இரண்டு பதில்களையாவது படித்துவிடுங்கள்.

1. பாட் பதிலே சொல்ல மாட்டேங்குது. கனெக்ஷன் போயிடுச்சா?

தெரியாது. அதைத்தான் முதலில் கண்டுபிடிக்க வேண்டும். நீங்கள் அனுப்பும் மெசேஜ் மூன்று இடங்களைக் கடந்துதான் பதிலாகத் திரும்புகிறது: ஆப் நிறுவனத்தின் சர்வருக்கும் உங்கள் மெஷினுக்கும் இடையிலான இணைப்பு, உங்கள் மெஷினில் ஓடும் பாட் நிரல், அந்த நிரல் பதில் வாங்கப் போகும் மொழி மாடல். இவற்றில் எது படுத்தாலும் போனில் ஒரே மாதிரிதான் தெரியும்: பதில் வரவில்லை.

பிரித்துப் பார்க்கச் சுலபமான வழி, மாடலைத் தொடாமலே பதில் தரும் கட்டளை ஒன்றை வைத்துக்கொள்வது. 'பிங்' என்று அனுப்பினால் 'பாங்' என்று திருப்பிச் சொன்னால் போதும். பல மென்பொருள்களில் 'ஸ்டேட்டஸ்' கட்டளை ஏற்கெனவே இருக்கும். அதற்குப் பதில் வந்துவிட்டால் இணைப்பும் நிரலும் நலம். தேட வேண்டியது மாடல் பக்கம். குறிப்பாக டாக்கரில் (நிரலை 'கன்டெய்னர்' என்ற தனிப் பெட்டிக்குள் ஓட்டும் மென்பொருள்) ஓட்டுபவர்கள் ஒன்றைப் பாருங்கள்: கன்டெய்னருக்குள் 'லோக்கல்ஹோஸ்ட்' என்றால் அந்தக் கன்டெய்னரேதான். வெளியே ஓடும் ஒல்லாமாவை (மாடலைச் சொந்த மெஷினில் ஓட்டும் மென்பொருள்) அங்கே 11434 போர்ட்டில் தேடினால் கிடைக்காது.

2. லாக் பாருங்கன்னு எல்லாரும் சொல்றாங்க. அதுல என்னத்தைப் பார்க்கிறது?

சிஸ்டம்டி (லினக்ஸில் சேவைகளை இயக்கும் மேலாளர்) சேவையாக ஓடினால் ஜர்னல்சிடிஎல், கன்டெய்னராக ஓடினால் டாக்கர் லாக்ஸ். திறந்ததும் எல்லோரும் சிவப்பு எழுத்துப் பிழைச் செய்தியைத்தான் படிப்பார்கள். நான் முதலில் பார்ப்பது இடது ஓரத்தில் இருக்கும் நேரத்தை. எப்போது அறுந்தது என்பதை வைத்தே ஏன் அறுந்தது என்பதில் பெரும்பகுதியை ஊகித்துவிடலாம். இப்படி ஒரு லாக் இருக்கிறது என்று வையுங்கள்:

10:02:14 இணைப்பு திறந்தது
10:03:14 இணைப்பு மூடியது
10:03:16 இணைப்பு திறந்தது
10:04:16 இணைப்பு மூடியது

திறந்ததற்கும் மூடியதற்கும் நடுவே இரண்டு தடவையும் அச்சாக 60 விநாடி. நெட்வொர்க் சரியில்லாமல் அறுகிற இணைப்பு இவ்வளவு ஒழுங்காக அறாது. நடுவில் யாரோ கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு மூடுகிறார்கள் என்று அர்த்தம் (அது யார் என்பது அடுத்த கேள்வியில்). கன்னாபின்னாவென்று நேரம் மாறினால் வைஃபை, ரவுட்டர் பக்கம் போங்கள். தினமும் ஒரே மணிக்கு விழுந்தால் பேக்கப் வேலையோ இணைய நிறுவனம் ஐபி முகவரியை மாற்றுவதோ காரணமாக இருக்கலாம். மெசேஜ் வந்த கையோடு விழுந்தால் நிரலே செத்து எழுகிறது. நாள்கணக்கில் ஓடிவிட்டு விழுந்தால் நினைவகக் கசிவையோ காலாவதியான டோக்கனையோ சந்தேகியுங்கள்.

3. கரெக்டா ஒரு நிமிஷத்துக்கு ஒரு தடவை அறுந்து அறுந்து ஒட்டுது. ஏன்?

இடையில் என்ஜின்எக்ஸ் (கோரிக்கைகளை வாங்கிக் கடத்தும் இடைநிலைச் சர்வர்) இருக்கிறதா? அதில் ப்ராக்ஸி ரீட் டைம்அவுட் சொல்லாமலே 60 விநாடி. அந்த நேரத்துக்குள் எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு பைட்கூட வரவில்லை என்றால் மூடிவிடும். கிளவுடில் ஓட்டுபவர்களுக்கு இந்த எண் வேறாக இருக்கும். அமேசானின் நாட் கேட்வே (உள் முகவரிகளை வெளி ஐபியாக மாற்றும் வாயில்) 350 விநாடி சும்மா இருக்கும் இணைப்பை மறந்துவிடும். அதன் அப்ளிகேஷன் லோட் பேலன்சருக்கு அமைப்பை மாற்றாதவரை 60 விநாடி. வீட்டு ரவுட்டர்களும் இதையேதான் செய்கின்றன. எத்தனை விநாடி என்று அட்டைப்பெட்டியில் போட்டிருக்காது, அவ்வளவுதான்.

டைம்அவுட்டை ஒரு மணி நேரம் என்று உயர்த்திவிட்டு வந்துவிடாதீர்கள். இந்த இடைத்தரகர்களில் ஒன்று உங்கள் கையில் இருக்கிறது, மற்றதெல்லாம் இல்லை. 20, 30 விநாடிக்கு ஒரு தடவை வெப்சாக்கெட் (திறந்தே இருக்கும் இருவழி இணைப்பு) பிங் போகும்படி வைத்தால் வழியில் யார் இருந்தாலும் இணைப்பு உயிரோடு இருப்பதாகவே நினைப்பார்கள். என்ஜின்எக்ஸில் 'அப்கிரேட்', 'கனெக்ஷன்' என்ற இரண்டு ஹெடர்களையும் கடத்தி அனுப்பியிருக்கிறீர்களா என்றும் பாருங்கள். அவை இல்லையென்றால் வெப்சாக்கெட் ஆரம்பிக்கவே ஆரம்பிக்காது.

டெலிகிராம் லாங் போலிங்கில் (மெசேஜ் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுக் காத்திருக்கும் முறை) இதே அறிகுறி வேறு காரணத்தால் வரும். போலிங்கை 50 விநாடி காத்திருக்கச் சொல்லிவிட்டு, எச்டிடிபி லைப்ரரியின் டைம்அவுட்டை 30 விநாடியில் விட்டிருப்பார்கள். ஒவ்வொரு 30 விநாடிக்கும் பிழை வரும். எதுவும் உடையவில்லை, இரண்டாவது எண் முதலாவதைவிடப் பெரிதாக இருக்க வேண்டும்.

4. எஸ்எஸ்எச்ல இருந்து வெளிய வந்தா பாட் செத்துடுது. உள்ள போனா மறுபடி ஓடுது!

இது பேய் இல்லை. பாட் நிரலை உங்கள் பயனர் கணக்கின் சிஸ்டம்டி சேவையாகப் போட்டிருக்கிறீர்கள். அந்தப் பயனரின் கடைசி செஷன் மூடியதும் அவருடைய சேவைகளையும் சிஸ்டம்டி நிறுத்திவிடும். லாகின்சிடிஎல் கட்டளையில் 'எனேபிள் லிங்கர்' கொடுத்தால் சரியாகிவிடும். மடிக்கணினியையே சர்வராக வைத்திருந்தால், மூடியை மூடும்போது தூங்கப் போகாதபடி அமைப்பையும் மாற்றிவிடுங்கள்.

5. டெலிகிராம்ல 409னு பிழை வருது. டோக்கன் தப்பா?

டோக்கன் தப்பென்றால் 401 வந்திருக்கும். 409 என்றால் உங்கள் டோக்கனை வைத்து இன்னொருவரும் மெசேஜ் கேட்டுக்கொண்டிருக்கிறார். அந்த இன்னொருவர் கிட்டத்தட்ட எப்போதும் நீங்களேதான்: சோதனைக்காக வேறு கணினியில் ஓடவிட்டு மறந்த பிரதி, நிற்காமல் ஓடும் பழைய கன்டெய்னர், நேரடியாக ஒன்றும் டாக்கரில் ஒன்றுமாக இரட்டை நிறுவல். ஒருவர் கேட்கும்போது மற்றவரை டெலிகிராம் துரத்திவிடும், பிறகு அவர் வந்து இவரைத் துரத்துவார். மெசேஜ் சில நேரம் வந்து சில நேரம் வராமல் போவது இதனால்தான்.

முன்பு எப்போதோ வெப்ஹூக் (டெலிகிராமே உங்கள் சர்வருக்கு மெசேஜை அனுப்பும் முறை) அமைத்து அதை நீக்காமல் விட்டிருந்தாலும் இதே 409 வரும், ஏனென்றால் வெப்ஹூக் இருக்கும்வரை போலிங் கிடையாது. பிரதி எங்கே ஓடுகிறது என்று கண்டுபிடிக்கவே முடியவில்லையா? பாட்ஃபாதரிடம் (பாட்களை உருவாக்கித் தரும் டெலிகிராமின் சொந்த பாட்) போய் டோக்கனை ரத்து செய்து புதிது வாங்குங்கள். பழையதைப் பிடித்துக்கொண்டிருப்பவர் 401 வாங்கி ஓய்ந்துவிடுவார்.

6. வெப்ஹூக் போட்டா இன்னும் ஸ்ட்ராங்கா இருக்குமா?

வீட்டு மெஷினுக்கு வேண்டாம் என்பதே என் கருத்து. போலிங்கில் உங்கள் மெஷின் வெளியே போய்க் கேட்கிறது. ரவுட்டரில் போர்ட் திறக்க வேண்டாம், டொமைன் வேண்டாம், சான்றிதழ் வேண்டாம், ஐபி மாறினாலும் கவலையில்லை. வெப்ஹூக்கில் இத்தனையும் சரியாக இருந்தாக வேண்டும். ஓர் ஆளோ ஒரு குடும்பமோ பேசுகிற அசிஸ்டன்ட்டுக்கு வேகத்தில் தெரிகிற மாதிரி லாபமும் இல்லை.

வெப்ஹூக்தான் என்று முடிவு செய்துவிட்டால் மூன்று விஷயம். டெலிகிராம் 443, 80, 88, 8443 ஆகிய நான்கு போர்ட்டுகளுக்கு மட்டுமே அனுப்பும். சான்றிதழோடு இடைநிலைச் சான்றிதழையும் சேர்த்துத்தான் சர்வர் தர வேண்டும். பிரவுசர் விட்டுப்போனதைத் தானே தேடி எடுத்துச் சமாளிப்பதால் உங்களுக்குப் பூட்டு அடையாளம் தெரியும், டெலிகிராம் மட்டும் மறுத்துவிடும். மூன்றாவது, 'கெட் வெப்ஹூக் இன்ஃபோ' என்று ஓர் அழைப்பு இருக்கிறது. கடைசியாக என்ன பிழை வந்தது, எத்தனை மெசேஜ் தேங்கியிருக்கிறது என்று அதுவே சொல்லிவிடும். அதைக் கேட்காமல் லாக்கில் துழாவுகிறவர்கள்தான் அதிகம்.

7. ராத்திரி முழுக்க சர்வர் ஆஃப்ல இருந்துச்சு. அந்த மெசேஜ் எல்லாம் போச்சா?

ஆப்பைப் பொறுத்தது. டெலிகிராம் 24 மணி நேரம் வரை வைத்திருந்து தரும். வாட்ஸ்அப்பில் இணைத்த சாதனத்துக்கு வர வேண்டியவை காத்திருந்து வந்து சேரும். டிஸ்கார்டில் சில நிமிட அறுப்பு என்றால் விட்ட இடத்திலிருந்து தொடர வழி உண்டு, ஒரு ராத்திரி என்றால் கிடையாது. சேனல் வரலாற்றை நிரல் தானாகப் போய்ப் படித்தால்தான் உண்டு. ஸ்லாக் ஒரு நிகழ்வை மூன்று தடவை வரை திரும்ப அனுப்பிப் பார்த்துவிட்டு விட்டுவிடும்.

தொலைந்ததைவிடத் தொலையாமல் வருவதுதான் சில நேரம் தொல்லை. காலையில் சர்வர் எழுந்ததும் நேற்றிரவு "விளக்கை அணை" என்று அனுப்பியதை இப்போது நிறைவேற்றும். மெசேஜின் நேரத்தைப் பார்த்து, ஐந்து பத்து நிமிடத்துக்கு மேல் பழசாக இருந்தால் செயல்படாமல் "இதை இப்போதுதான் பார்த்தேன், செய்யட்டுமா?" என்று கேட்கும்படி வைத்துவிடுங்கள்.

8. வாட்ஸ்அப் திரும்பத் திரும்ப க்யூஆர் கேட்குது. எத்தனை தடவைதான் ஸ்கேன் பண்றது?

கன்டெய்னரை ரீஸ்டார்ட் செய்யும்போதோ புதுப்பிக்கும்போதோ மட்டும் கேட்டால், செஷன் கோப்புகள் கன்டெய்னருக்குள்ளேயே இருந்து அதோடு சேர்ந்து அழிகின்றன. அந்த அடைவை வால்யூமாக வெளியே எடுத்து வையுங்கள். எடுத்து வைத்தும் கேட்டால் எழுதும் அனுமதியைச் சரிபாருங்கள். ரூட் பயனரின் பெயரில் இருக்கும் அடைவில் சாதாரணப் பயனராக ஓடும் நிரல் எழுத முடியாமல் விழித்துக்கொண்டிருக்கும்.

கன்டெய்னருக்கு ஒன்றும் ஆகாமல் தானாகவே கேட்டால் போனை எடுத்துப் பாருங்கள். முதன்மை போனில் 14 நாள் வாட்ஸ்அப்பைத் திறக்காமல் இருந்தால் இணைத்த சாதனங்கள் எல்லாம் வெளியேற்றப்படும். தனி நம்பரைப் பழைய போனில் போட்டு மேசை டிராயரில் வைத்திருப்பவர்களுக்கு இது தவறாமல் நடக்கும். வாரம் ஒரு தடவை அந்த போனை எடுத்து ஆப்பைத் திறந்து வைப்பதைத் தவிர வேறு மருந்து இல்லை. போனைத் தவிர நான்கு சாதனங்கள் வரை இணைக்கலாம் என்பதையும் நினைவில் வையுங்கள். வேறொன்றுக்கு இடம் வேண்டும் என்று வீட்டில் யாராவது உங்கள் சர்வரைப் பட்டியலிலிருந்து நீக்கியிருக்கலாம்.

9. ஸ்கேன் பண்ண உடனே 515னு வந்து கட் ஆயிடுச்சு. போச்சா?

ஒன்றும் போகவில்லை. வாட்ஸ்அப்போடு இணைய உதவும் பெய்லிஸ் போன்ற லைப்ரரிகளில் 515 என்றால் 'மறுபடி இணையுங்கள்'. முதல் தடவை ஜோடி சேர்ந்ததும் இது வருவது வழக்கம். நிரல் தானாகத் திரும்ப இணைய வேண்டும். 408, 428 இரண்டும் இணைப்பு விட்டுப்போனதைச் சொல்பவை; சற்று பொறுத்து மறுபடி முயன்றால் போதும். 440 என்றால் அதே செஷனை வேறு இடத்தில் யாரோ திறந்துவிட்டார்கள், அதாவது 5ஆம் கேள்வியின் இரட்டைப் பிரதிக் கதை. 401 வந்தால் மட்டுமே உண்மையில் வெளியேற்றப்பட்டிருக்கிறீர்கள்; அப்போதுதான் செஷன் அடைவை அழித்துவிட்டு மறுபடி ஸ்கேன் செய்ய வேண்டும். எந்த எண் வந்தாலும் முதல் வேலையாக அடைவை அழிக்கச் சொல்லும் அறிவுரையை நம்பாதீர்கள்.

10. இப்படி அறுந்து அறுந்து ஒட்டினா வாட்ஸ்அப் நம்பரையே தடை பண்ணிடுமா?

அதிகாரபூர்வமற்ற லைப்ரரியில் ஓட்டும்போது அந்த ஆபத்து எப்போதும் உண்டு. அது வாட்ஸ்அப்பின் விதிமுறைக்கு வெளியே நடக்கிற காரியம். வங்கிக்கும் உறவினருக்கும் கொடுத்திருக்கும் சொந்த நம்பரை இதில் மாட்டாதீர்கள், தனி நம்பர் வைத்துக்கொள்ளுங்கள். விநாடிக்கு ஒரு தடவை மறு இணைப்புக்கு முட்டுவதையும் நிறுத்துங்கள் (எப்படி என்று 13இல் இருக்கிறது).

அதிகாரபூர்வ வழி கிளவுட் ஏபிஐ. அதில் க்யூஆரும் செஷனும் கிடையாது, வெப்ஹூக் உண்டு. அங்கேயும் "நேற்று ஓடியது, இன்று ஓடவில்லை" என்ற புகார் வரும். டெவலப்பர் பக்கத்தில் முதலில் தரப்படும் தற்காலிக டோக்கனின் ஆயுள் அதிகம் போனால் ஒரு நாள்தான். நிரந்தரப் பயன்பாட்டுக்கு சிஸ்டம் யூசர் டோக்கன் உருவாக்க வேண்டும். பயனர் கடைசியாக எழுதி 24 மணி நேரம் தாண்டிவிட்டால், முன் அனுமதி பெற்ற டெம்ப்ளேட்டைத் தவிர வேறு எதையும் அனுப்ப முடியாது. காலை நினைவூட்டல் மட்டும் வராமல் போவது இதனால்தான். இணைப்பின் மீது பழி போடாதீர்கள்.

11. 'கனெக்டட்'னுதான் காட்டுது. ஆனா ஒரு மெசேஜும் வர மாட்டேங்குது. ரீஸ்டார்ட் பண்ணா எல்லாம் மொத்தமா வந்து கொட்டுது.

இந்தப் பக்கத்திலேயே என்னைப் பொறுத்தவரை முக்கியமான கேள்வி இதுதான். இணைப்பு ஒரு பக்கம் மட்டும் செத்திருக்கிறது. ரவுட்டர் ரீபூட் ஆகியிருக்கலாம், 3இல் சொன்ன மாதிரி நாட் அட்டவணையிலிருந்து உங்கள் வரி நீங்கியிருக்கலாம். முறையாக 'மூடுகிறேன்' என்று யாரும் சொல்லாததால் உங்கள் பக்கத்து கர்னலுக்கு அது தெரியாது. எதிர்முனையில் ஆள் எழுந்து போனது தெரியாமல் ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டிருப்பது மாதிரி, நிரல் மணிக்கணக்கில் காத்துக்கொண்டிருக்கும்.

டிசிபி கீப்அலைவ் (இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று கர்னல் சோதிக்கும் வசதி) இருக்கிறதே என்பீர்கள். லினக்ஸில் அது இயல்பாக 7200 விநாடி, அதாவது இரண்டு மணி நேரம், சும்மா இருந்த பிறகுதான் முதல் சோதனைப் பொட்டலத்தை அனுப்பும். பிறகு 75 விநாடி இடைவெளியில் ஒன்பது தடவை முயன்ற பிறகே கைவிடும். அதுவும் நிரல் அந்த வசதியைக் கேட்டிருந்தால் மட்டும். அசிஸ்டன்ட்டுக்கு இது பயன்படாது.

வேண்டியது, கடைசியாக எதிர்ப்பக்கத்திலிருந்து ஏதாவது வந்த நேரத்தைக் குறித்து வைப்பது. மெசேஜாக இருக்க வேண்டியதில்லை. பிங்குக்கு வந்த பாங், ஹார்ட்பீட்டுக்கு ('உயிரோடிருக்கிறேன்' என்று அவ்வப்போது அனுப்பும் குறிப்பு) வந்த ஒப்புதல், போலிங்குக்கு வந்த வெறும் பதில் எல்லாம் கணக்கு. இரண்டு மூன்று ஹார்ட்பீட் காலம் எதுவுமே வரவில்லை என்றால் இணைப்பை நீங்களே வெட்டிவிட்டுப் புதிதாகத் திறக்க வேண்டும். டாக்கர் ஹெல்த்செக்கிலும் இந்த நேரத்தையே பாருங்கள். 'பிராசஸ் உயிரோடு இருக்கிறதா' என்று பார்க்கும் ஹெல்த்செக், இந்த நிலைமையில் நாள் முழுக்கப் பச்சை விளக்கு காட்டும்.

12. சின்ன கேள்விக்கு ஒழுங்கா பதில் வருது. பெரிசா ஏதாவது கேட்டா கனெக்ஷனே போயிடுது!

இங்கே இணைப்பை அறுப்பது உங்கள் மாடல். டிஸ்கார்ட் சுமார் 41 விநாடிக்கு ஒரு தடவை ஹார்ட்பீட் அனுப்பச் சொல்கிறது. ஒரே த்ரெட்டில் ஓடும் நிரல், மாடலின் பதிலுக்காக ஒன்றரை நிமிடம் மற்ற எல்லாவற்றையும் நிறுத்திவைத்துக் காத்திருந்தால் ஹார்ட்பீட் போகாது, டிஸ்கார்ட் மூடிவிடும். நீங்கள் பெறுவது பதிலும் இல்லாத, இணைப்பும் இல்லாத மௌனம். ஸ்லாக் இன்னும் அவசரக்காரன்: நிகழ்வு கிடைத்த மூன்று விநாடிக்குள் 'கிடைத்தது' என்று ஒப்புக்கொள்ள வேண்டும். மெசேஜை வாங்கியதும் ஒப்புதல் கொடுத்துவிட்டு, மாடல் வேலையைத் தனி வரிசையில் தனி பிராசஸுக்கு ஒப்படைப்பதுதான் சரி. காத்திருப்பவருக்கு 'டைப் செய்கிறது' என்று காட்டலாம். டெலிகிராமில் அது ஐந்து விநாடியில் மறைந்துவிடும், பதில் வரும்வரை திரும்பத் திரும்ப அனுப்ப வேண்டும்.

இன்னொரு சாத்தியம் நினைவகம். பெரிய கேள்வி வந்ததும் மாடல் ராமை விழுங்க, லினக்ஸ் ஏதாவது ஒரு பிராசஸைக் கொன்றுவிடும்; கன்டெய்னர் 137 என்ற எண்ணோடு முடிந்திருந்தால் அதைச் சந்தேகியுங்கள். கர்னல் லாக்கில் 'அவுட் ஆஃப் மெமரி' வரி இருக்கும்.

வெகு நேரம் கழித்துக் கேட்கும் முதல் கேள்விக்கு மட்டும் தாமதம் என்றால் கவலை வேண்டாம். ஒல்லாமா, சொல்லாதவரை, ஐந்து நிமிடம் சும்மா இருந்த மாடலை இறக்கிவிடும். மறுபடி ஏற்றுவதற்கான நேரம் அது.

13. டிஸ்கார்ட் டோக்கன் தானாவே மாறிடுச்சு. யாராவது ஹேக் பண்ணிட்டாங்களா?

அநேகமாக உங்கள் நிரல் செய்த காரியம். டிஸ்கார்டில் புது செஷன் தொடங்குவதற்கு 24 மணி நேரத்தில் 1000 தடவை என்று வரம்பு உண்டு. தாண்டினால் எல்லா செஷன்களையும் முடித்து டோக்கனையும் மாற்றிவிட்டு உரிமையாளருக்கு மின்னஞ்சல் அனுப்புவார்கள். விழுந்தவுடன் எழுந்து முட்டும் நிரல் இந்த ஆயிரத்தைச் சில மணி நேரத்திலேயே தீர்த்துவிடும்.

மறு முயற்சிக்கு இடைவெளி விடுங்கள்: 1 விநாடி, 2, 4, 8 என்று இரட்டித்துக்கொண்டே போய் சில நிமிடங்களில் நிறுத்தி, ஒவ்வொன்றிலும் கொஞ்சம் தற்செயலாகக் கூட்டிக் குறைத்தால் போதும். டெலிகிராம் 429 அனுப்பினால் எத்தனை விநாடி பொறுக்க வேண்டும் என்று அதிலேயே எழுதியிருக்கும், அதை மதியுங்கள். சில பிழைகளுக்கு மறு முயற்சியே கூடாது. டிஸ்கார்டில் 4004 என்றால் டோக்கன் தவறு, 4014 என்றால் அனுமதி வாங்காத இன்டென்ட்டை (எந்த வகைத் தகவல் வேண்டும் என்ற கோரிக்கை) கேட்கிறீர்கள். ஆயிரம் தடவை முட்டினாலும் அதே பதில்தான். 'ரீகனெக்ட்' என்று டிஸ்கார்ட் தானே சொல்வதும், சில மணி நேரத்துக்கு ஒரு தடவை ஸ்லாக் சாக்கெட்டைப் புதுப்பிக்கச் சொல்வதும் நோய் அல்ல, வழக்கம்.

14. எல்லா ஆப்பும் ஒரே நேரத்துல விழுதே?

அப்படியானால் ஆப்களை விட்டுவிடுங்கள், உங்கள் மெஷினைப் பாருங்கள். முதலில் டிஎன்எஸ்: பெயர் ஐபியாக மாறுகிறதா என்று மெஷினிலும் கன்டெய்னருக்குள்ளும் தனித்தனியாகச் சோதியுங்கள், இரண்டும் வேறாக இருக்கலாம். அடுத்து கடிகாரம். ராஸ்பெரி பை 4 வரையிலான பலகைகளில் நேரத்தைக் காக்கும் கடிகாரச் சில்லு இல்லை. மின்சாரம் போய் வந்ததும் பழைய தேதியில் எழுந்து, 'சான்றிதழ் இன்னும் செல்லுபடியாகவில்லை' என்று எல்லா இணைப்பையும் மறுக்கும். நேரம் சரியான பிறகு பாட் தொடங்கும்படி வரிசையை மாற்றுங்கள்.

மூன்றாவது ஐபிவி6. ரவுட்டர் முகவரி கொடுத்திருக்கும், வெளியே போக வழி இருக்காது. பிரவுசர் சத்தமில்லாமல் ஐபிவி4க்கு மாறிவிடுவதால் உங்களுக்குத் தெரியாது. நோட்.ஜேஎஸ் (பாட்கள் பலவற்றை ஓட்டும் மென்பொருள்) 17ஆம் பதிப்பிலிருந்து டிஎன்எஸ் தருகிற வரிசையையே அப்படியே எடுத்துக்கொள்கிறது, அதனால் அதிலும் 18இலும் ஓடும் பாட்கள் இதில் மாட்டும். 20இலிருந்து இரண்டையும் முயன்று பார்க்கும் வசதி இயல்பாகவே இருக்கிறது.

15. டெக்ஸ்ட் போகுது, போட்டோ அனுப்பினா தொங்கிடுது.

விபிஎன் வழியாகப் போகிறீர்களா? எம்டியு என்பது ஒரு பொட்டலத்தின் அதிகபட்ச அளவு (பைட்டில்). வயர்கார்ட் விபிஎன்னில் அது வழக்கமாக 1420, பிபிபிஓஇ இணைப்பில் 1492, சாதாரண ஈத்தர்நெட்டில் 1500. பெரிய பொட்டலம் ஒன்று வழியில் நுழைய முடியாமல் விழுந்து, 'சின்னதாக்கி அனுப்பு' என்ற ஐசிஎம்பி செய்தியை ஏதோ ஃபயர்வால் தடுத்துவிட்டால் சின்னது போகும், பெரியது தொங்கும். துண்டாக்காதே என்ற கொடியோடு 1472 பைட் பிங் அனுப்பிப் பாருங்கள். போகவில்லை என்றால் குறைத்துக்கொண்டே வந்து எது போகிறதோ அதோடு 28 கூட்டினால் உங்கள் எம்டியு. டாக்கர் நெட்வொர்க்கின் எம்டியுவையும் சேர்த்துக் குறைக்க வேண்டும், அதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள்.

16. தனி சாட்ல பேசுது, குரூப்ல மட்டும் காது கேட்கலை.

இணைப்புப் பிரச்சினையே இல்லை. டெலிகிராம் குரூப்பில் பிரைவசி மோட் இயல்பாக இயக்கத்தில் இருக்கும். தனக்கான கட்டளைகளும் தன் மெசேஜுக்கு வரும் ரிப்ளைகளும் தவிர வேறு பேச்சு பாட் காதில் விழாது. பாட்ஃபாதரில் அணைத்த பிறகு குரூப்பிலிருந்து நீக்கி மறுபடி சேர்க்க வேண்டும். டிஸ்கார்டில் இதற்கு இணையானது மெசேஜ் கன்டென்ட் இன்டென்ட்.

17. அறுந்து ஒட்டினதுக்கு அப்புறம் ஒரே பதில் ரெண்டு தடவை வருது.

மெசேஜை வாங்கிவிட்டீர்கள், வாங்கியதைச் சொல்வதற்குள் அறுந்துவிட்டது. எதிர்ப்பக்கம் மறுபடி அனுப்புகிறது. டெலிகிராமில் அடுத்த அழைப்பில் ஆஃப்செட்டை ஒன்று கூட்டிக் கேட்பதுதான் ஒப்புதல். ஸ்லாக்கில் 12இல் சொன்ன மூன்று விநாடி தவறினாலே மறுபதிப்பு வரும். ஒவ்வொரு மெசேஜின் அடையாள எண்ணையும் டிஸ்கில் எழுதி வைத்து, ஏற்கெனவே பார்த்ததைத் தள்ளிவிடுங்கள். நினைவகத்தில் மட்டும் வைத்தால் ரீஸ்டார்ட்டில் மறந்துபோய்விடும். இந்தத் தொல்லை வருவதே அப்போதுதான்.

18. சிக்னல் மாசக்கணக்கா நல்லா ஓடிச்சு, திடீர்னு நின்னுடுச்சு. நான் எதையும் மாத்தலையே?

மாற்றாததுதான் காரணம். பாட்டை சிக்னலோடு இணைக்கும் சிக்னல்-சிஎல்ஐ நிரலின் மூன்று மாதத்துக்கு மேல் பழைய பதிப்பு சரியாக வேலை செய்யாமல் போகலாம் என்று அதை உருவாக்குபவர்களே சொல்கிறார்கள். புதுப்பியுங்கள். அனுப்ப மட்டும் பயன்படுத்தினாலும் அவ்வப்போது வரும் மெசேஜ்களைப் பெற்றாக வேண்டும். டீமன் முறையில் ஓடவிட்டால் அது தானாக நடக்கும்.

19. எதுக்கு இவ்வளவு? ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை ரீஸ்டார்ட் பண்ற மாதிரி க்ரான் போட்டுட்டா போதாதா?

க்ரான் என்பது குறித்த நேரத்தில் வேலையைத் தானாக ஓட்டும் வசதி. நினைவகக் கசிவு இருக்கும் நிரலுக்கு, சரிசெய்யும்வரை போடலாம். வழக்கமாக்குவது எனக்குப் பிடிக்காது. 11ஆம் கேள்வியின் நிலைமையில் சராசரியாக ஒரு மணி நேரம் ஊமையாக இருந்துவிட்டுத்தான் எழும், காரணமும் லாக்கோடு சேர்ந்து புதைந்துவிடும்.

சிஸ்டம்டியிடமே விடுங்கள், ஆனால் அதன் ஒரு குணத்தைத் தெரிந்துகொண்டு விடுங்கள். 'ரீஸ்டார்ட்' என்பதை 'ஆல்வேஸ்' என்று போட்டாலும், 10 விநாடிக்குள் ஐந்து தடவை தொடங்கித் தோற்றால் அது கைவிட்டுவிடும். மெஷின் எழும்போது நெட்வொர்க் வருவதற்குள் நிரல் ஐந்து தடவை விழுந்து எழுந்து, பிறகு நாள் முழுக்கப் படுத்திருப்பதற்குக் காரணம் இதுதான். 'ரீஸ்டார்ட் செக்' (RestartSec, மறு தொடக்கத்துக்கு முன் விடும் இடைவெளி) என்பதை 10 விநாடியாக வைத்தாலே தீர்ந்தது. வாட்ச்டாக் (நிரல் குரல் கொடுக்காவிட்டால் அதை ரீஸ்டார்ட் செய்யும்) வசதியை 11இல் சொன்ன 'கடைசியாக வந்த நேர'த்தோடு கட்டிவிட்டால் க்ரானுக்கு வேலையே இருக்காது.

20. பழைய பேக்கப்ல இருந்து வாட்ஸ்அப் செஷனை ரெஸ்டோர் பண்ணேன். இப்ப எதிர்ல இருக்கிறவங்களுக்கு 'இந்த மெசேஜுக்காகக் காத்திருக்கிறோம்'ங்கிற மாதிரி வருது.

வாட்ஸ்அப்பும் சிக்னலும் ஒவ்வொரு மெசேஜுக்கும் சாவியை முன்னோக்கி நகர்த்திக்கொண்டே போகின்றன. போன வாரத்துப் பேக்கப்பில் இருப்பது போன வாரத்துச் சாவி. எதிர்ப்பக்கம் அதைக் கடந்து போய்விட்டது. அதனால் மறையீட்டைப் பிரிக்க முடியாமல் மெசேஜ் தொங்குகிறது. செஷன் அடைவைப் பேக்கப்பில் சேர்க்காதீர்கள். மெஷின் மாறினால் போனில் பழைய சாதனத்தை நீக்கிவிட்டுப் புதிதாக இணையுங்கள். உரையாடல் வரலாறு, நினைவுக் குறிப்புகள், அமைப்புக் கோப்பு ஆகியவற்றுக்குத்தான் பேக்கப் தேவை.

21. ரெண்டு சர்வர்ல ஓட்டி, ஒண்ணு விழுந்தா இன்னொண்ணு எடுத்துக்கிற மாதிரி வைக்கலாமா?

வைக்கலாம், இரண்டும் ஒரே நேரத்தில் இணையாதவரை. டெலிகிராமில் 409, வாட்ஸ்அப்பில் 440 ஏன் வரும் என்று மேலே பார்த்தோம். டிஸ்கார்டில் பிழை வராது, அது இன்னும் மோசம்: இருவரும் ஒரே கேள்விக்குப் பதில் சொல்வார்கள். ஸ்லாக் சாக்கெட் மோட் (வெப்சாக்கெட் வழியாக நிகழ்வுகளை வாங்கும் முறை) மட்டும் இதற்கு ஒத்துழைக்கும். ஓர் ஆப்புக்கு 10 இணைப்பு வரை அனுமதித்து, ஒரு நிகழ்வை ஏதாவது ஒரு இணைப்புக்கு மட்டும் அனுப்பும்.

மற்றவற்றுக்கு இரண்டு மெஷினுக்கும் பொதுவான ஒரு பூட்டு வேண்டும். ரெடிஸ், போஸ்ட்கிரெஸ் போன்ற தரவுத்தளத்தில் காலாவதி நேரத்தோடு ஒரு பதிவு. அதை வைத்திருப்பவர் மட்டுமே இணைப்பைத் திறக்கலாம், 10 விநாடிக்கு ஒரு தடவை புதுப்பிக்க வேண்டும், 30 விநாடி புதுப்பிக்காவிட்டால் மற்றவர் எடுத்துக்கொள்வார். பூட்டைப் புதுப்பிக்க முடியாத சர்வர் அந்த 30 விநாடி முடிவதற்குள் தன் இணைப்பைத் தானே மூடிக்கொள்ள வேண்டும். அதை எழுத மறந்தால் 5ஆம் கேள்விக்குத் திரும்பிவிடுவீர்கள். வாட்ஸ்அப்புக்கு இரண்டு சர்வரும் ஒரே செஷன் அடைவைப் பகிரக் கூடாது, காரணம் 20இல் இருக்கிறது. இரண்டையும் தனித்தனிச் சாதனமாக இணைத்து வையுங்கள். வாட்ஸ்அப்பில் மட்டும், சும்மா இருக்கும் சர்வரின் இணைப்பும் திறந்தே இருக்கட்டும், பதில் அனுப்பும் உரிமையை மட்டும் பூட்டு தீர்மானிக்கட்டும்.